அப்பா எழுதிய பதிவு செய்யாத உயில்: புரோபேட் வாங்க வேண்டுமா, வேண்டாமா?

மயிலைமகள்:
எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் பொங்கல் முடிந்த வாரத்தில் அப்பா தவறிவிட்டார். காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் அவருடைய பீரோவைத் திறந்தோம். பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவே ஒரு பழுப்பு உறை, அதற்குள் மூன்று பக்க உயில். 2014-இல் வெள்ளைத் தாளில் தன் கைப்படவே எழுதியிருக்கிறார். பதிவு செய்யவில்லை. கடைசிப் பக்கத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மயிலாப்பூரில் நாங்கள் இருக்கும் பிளாட் அம்மாவின் ஆயுள் வரை அம்மாவுக்கு, அதன்பின் எனக்கு. போளூர் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம் அண்ணனுக்கு. வங்கி டெபாசிட்டும் கொஞ்சம் பங்குகளும் அம்மாவுக்கு. இதையெல்லாம் நிறைவேற்றும் பொறுப்பை அம்மாவின் தம்பியிடம், அதாவது என் மாமாவிடம், ஒப்படைத்திருக்கிறார்.

புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் உத்தரவு, வாங்காமல் ஒன்றும் நடக்காது என்கிறார் ஒருவர். சட்டம் மாறிவிட்டது, இனி தேவையே இல்லை என்கிறார் இன்னொருவர். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுத்தாயிற்று. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். உயில் விஷயத்தைப் போனில் சொன்னேன், "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு வார்த்தையிலிருந்து தூக்கம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கோவைக்காரன்:
ஆழ்ந்த வருத்தங்கள் சகோதரி. நீங்கள் கேட்ட இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் பாராளுமன்றம் நீக்கிவிட்டது. உயிலை வைத்து உரிமை கோர புரோபேட் கட்டாயம் என்று சொன்ன பிரிவு அதுதான். அது போன பிறகு கோர்ட்டுக்கு எதற்குப் போக வேண்டும்? எங்கள் ஊரில் அதற்கு முன்பும் இந்த வழக்கமே கிடையாது. என் தாத்தாவின் உயிலைக் காட்டித்தான் பட்டா மாற்றினோம். கோர்ட் வாசலை மிதிக்கவில்லை.

பழைய குமாஸ்தா:
அம்மா, முதலில் என் அனுதாபங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில், அதாவது வழக்குகள் நேரடியாகத் தாக்கலாகும் பிரிவில், வழக்கறிஞர் குமாஸ்தாவாக முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். பெரும்பாலும் உயில் மனுக்கள்தான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவைக்காரர் தம்பி சொன்ன சட்ட மாற்றம் உண்மை. அவர் ஊரில் முன்பே தேவைப்படவில்லை என்பதும் உண்மை. அந்த 1925-ஆம் வருடச் சட்டத்தில் 57, 213 என்ற இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்கள் எழுதும் உயிலுக்கு, பழைய வங்காள மாகாணப் பகுதிகளிலும், சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களின் நேரடி எல்லைக்குள்ளும் மட்டும்தான் இந்தக் கட்டாயம் இருந்தது. சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயில், அல்லது அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, மனை பற்றிய உயில் என்றால் புரோபேட் வேண்டும். கோயம்புத்தூர், மதுரையில் எழுதி, சொத்தும் அங்கேயே இருந்தால் வேண்டாம். முஸ்லிம்களுக்கு எப்போதும் கிடையாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்குக் கொடுத்தார்கள். ஊருக்கு ஒன்று, மதத்துக்கு ஒன்று என்று இருந்த இந்த வேறுபாட்டைத்தான் இப்போது எடுத்திருக்கிறார்கள். நல்லதுதான்.

ஆனால் போனது கட்டாயம் மட்டும். புரோபேட் கேட்டு மனுப் போடும் 276-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. உயிலை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் அப்படியே இருக்கிறது. நாளைக்கு யாராவது "இது எங்கள் அப்பா கையெழுத்தே இல்லை" என்று ஒரு வழக்குப் போட்டால், அன்றைக்கு நீங்கள் சாட்சியைத் தேடிப் போக வேண்டும். அது பத்து வருடம் கழித்து வந்தால்? புரோபேட் கையில் இருந்தால் உயில் உண்மையானது என்பது எல்லோரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பாகிவிடும். 263-ஆம் பிரிவில் ரத்துக் கேட்கலாம்தான், ஆனால் அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும்.

உங்களிடம் மூன்று கேள்வி. அந்த இரண்டு சாட்சிகளும் உயிரோடு இருக்கிறார்களா? போளூர் நிலம் அப்பா வாங்கியதா, தாத்தா வழி வந்ததா? உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி இருக்கிறாரா?

மயிலைமகள்:
ஐயா, மிக்க நன்றி. நிலம் அப்பா சம்பாத்தியத்தில் வாங்கியது, கிரயப் பத்திரம் இருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் எங்கள் மாடி வீட்டில் இருந்த மாமா, அவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் அப்பாவின் ஆபீஸ் நண்பர். ஸ்ரீரங்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார், வயது 84.

பாட்டி இருக்கிறார், போளூரில் சித்தப்பா வீட்டில். 93 வயது. அப்பா போனதைச் சொன்னோம், ஒரு மணி நேரத்தில் மறந்துவிட்டு மறுபடி அப்பாவைக் கேட்கிறார். பாட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய குமாஸ்தா:
நிறைய சம்பந்தம் இருக்கிறது. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள் இவர்களோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. தகப்பனார் அந்த வகுப்பில் கிடையாது, தாய் உண்டு. உயில் இல்லையென்றால் அந்த நால்வருக்கும் சம பங்கு. ஆகவே உயில் மனுவில் பாட்டியையும் எதிர்மனுதாரராகக் காட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் மனுவில் பாட்டி பெயரை எழுதினீர்களா? இல்லையென்றால் நாளைக்கே போய்த் திருத்துங்கள். பாட்டியை விட்டுவிட்டுப் பிற்பாடு தடுமாறிய குடும்பங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை, தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

முத்துநகர்:
நடுவே ஒரு சந்தேகம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழே கையில் இருக்கும்போது கோர்ட் சான்றிதழ் வேறு எதற்கு? இரண்டும் ஒன்றுதானே?

பழைய குமாஸ்தா:
இல்லை தம்பி. பெயர் ஒன்று போலக் கேட்பதால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. தாசில்தார் தருவது வாரிசுச் சான்றிதழ். இறந்தவருக்கு இன்னின்னார் வாரிசு என்று மட்டும் அது சொல்லும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லாது, உயில் செல்லுமா என்றும் சொல்லாது. கோர்ட் 1925-ஆம் வருடச் சட்டத்தின் 372-ஆம் பிரிவில் தருவது வாரிசுரிமைச் சான்றிதழ், சக்சஷன் சர்டிபிகேட் என்போமே அது. இறந்தவருக்கு வர வேண்டிய கடன், டெபாசிட், பங்கு, பத்திரம் இவற்றை வாங்குவதற்கு மட்டும்தான். வீடு, நிலத்துக்கு அது பயன்படாது. புரோபேட் மூன்றாவது வகை. உயிலில் நிறைவேற்றுபவர் என்று பெயர் போட்டிருந்தால் அவருக்குத்தான் அது கிடைக்கும். அப்படி யாரையும் குறிப்பிடாமல் உயில் எழுதியிருந்தால், உயிலை இணைத்து லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம், கேட்க வேண்டும். அதற்கு ஜாமீன் பத்திரம் வேறு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

வங்கியில் இருந்தவள்:
டெபாசிட் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், 28 வருடம் கவுன்டரில் உட்கார்ந்தவள். நாமினி போட்டிருந்தால் வங்கி புரோபேட்டோ வாரிசுரிமைச் சான்றிதழோ கேட்கக் கூடாது. ரிசர்வ் வங்கி இதைப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. கோர்ட் தடை உத்தரவு எதுவும் இல்லையென்றால், இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாள ஆவணமும் கொடுத்தால் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் நாமினி என்பவர் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் கை, அவ்வளவே. காப்பீட்டுத் தொகைக்கு உச்ச நீதிமன்றம் 1984-லேயே இதைச் சொன்னது. பங்குகளுக்கும் அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் உறுதி செய்தது. காப்பீட்டில் மட்டும் 2015-இல் ஒரு திருத்தம் வந்தது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அந்தத் தொகை அவர்களுக்கே உரியது.

உங்கள் அம்மா நாமினியாக இருந்து, உயிலும் அம்மாவுக்கே என்று சொல்வதால் இதில் சிக்கல் வராது. ஒன்றே ஒன்று: அப்பாவின் ஏ.டி.எம். கார்டைப் போட்டுப் பணம் எடுக்காதீர்கள். ஆஸ்பத்திரி பாக்கிக்கு என்றாலும் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு எடுத்த ஆயிரம் ரூபாயும் பிறகு குடும்பத்தில் கேள்வியாகிவிடும்.

தாமரை:
மயிலைமகள் அக்கா, உங்கள் பதிவில் "84 வயது" என்று படித்ததுமே எனக்குப் பதறியது. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் மாமனார் உயிலுக்கும் இரண்டு சாட்சி. நான் மருமகளாகப் போன வீடு, நானாகப் பேச்செடுக்கத் தயங்கினேன். வருடாந்திரம் ஆகட்டும் என்றார்கள், பிறகு நாத்தனார் பிரசவம் என்றார்கள், பிறகு கொரோனா வந்தது. அந்த இரண்டு பேரும் ஆறு மாத இடைவெளியில் போய்விட்டார்கள். ஒருவராவது இருந்திருந்தால் ஒரு பிரமாண வாக்குமூலத்தோடு முடிந்திருக்கும் வேலை. அதற்குப் பிறகு மாமனார் கையெழுத்தையும், சாட்சிகளில் ஒருவரின் கையெழுத்தையும், அவற்றை அறிந்தவர்களை வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. இறந்துபோன சாட்சியின் மகளிடம் போய், "உங்கள் அப்பா கையெழுத்துப் போட்ட பழைய பாஸ்புக் ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டேன். அந்தப் பெண் அழுதாள், நானும் அழுதேன். பாஸ்புக்கைக் கொடுத்தாள், அந்த உதவியை மறக்க மாட்டேன்.

புரோபேட் தேவையா இல்லையா என்று இங்கே விவாதம் நடக்கட்டும். நீங்கள் இந்த வாரமே ஸ்ரீரங்கம் போங்கள்.

பழைய குமாஸ்தா:
தாமரை அம்மா சொன்னதை நான் அப்படியே வழிமொழிகிறேன். உயில் கோர்ட்டில் நிற்க சாட்சிகளில் ஒருவராவது சொல்ல வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 67. உயிலைப் பதிவு செய்திருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. பதிவு செய்தால் தொலையாது, சந்தேகம் குறையும், அதுவரை சரி. ஆனால் சாட்சியின் இடத்தைப் பதிவால் நிரப்ப முடியாது.

அந்தப் பெரியவர் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "அவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன், அவர் பார்க்க நான் போட்டேன், அவர் அப்போது தெளிவாக இருந்தார்." இவ்வளவுதான். இதில் கையெழுத்துகளைப் பற்றிய பகுதியைத்தான் 1925-ஆம் வருடச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கிறது. மற்ற சாட்சியும் அதே நேரத்தில் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள், உயிலின் நகலைக் காட்டி நினைவிருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். அவரால் சென்னை வர முடியாவிட்டால் கவலை வேண்டாம், வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து வீட்டிலேயே சாட்சியம் பதிவு செய்யும்படி கோர்ட்டைக் கேட்கலாம்.

அசல் உயிலில் ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், பேனாவால் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். அந்தப் பழுப்பு உறையையும் பத்திரமாக வையுங்கள்.

கோவைக்காரன்:
ஐயா மீது மரியாதை உண்டு. இருந்தாலும் கேட்கிறேன். அண்ணனும் பாட்டியும் சம்மதித்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து இவர்கள் பெயருக்கு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தால் போதாதா? குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வைக்கு உச்ச வரம்பும் இருக்கிறது. ஒரு நாளில் முடியும் வேலை. கோர்ட் என்றால் மாதக்கணக்கு.

பழைய குமாஸ்தா:
நல்ல கேள்வி. நினைவு தெளிவாக உள்ள நான்கு பேர் மட்டும் இருக்கும் குடும்பமாக இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். இங்கே பாட்டிக்கு மகன் இறந்ததே மனதில் நிற்கவில்லை. அவரை நாற்காலியில் தூக்கிக்கொண்டு போய்க் கைநாட்டு வாங்கினால் அந்தப் பத்திரம் நாளைக்கு நிற்காது. சட்டத்தை விடுங்கள், அது பாட்டிக்குச் செய்யும் நியாயமும் இல்லை. கோர்ட்டில் என்றால் அவர் சார்பில் ஒரு பாதுகாவலரை நியமிப்பார்கள். பாட்டிக்காகப் பேச ஒருவர் இருப்பார். இந்தக் குடும்பத்துக்குப் புரோபேட் நல்லது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் பாட்டிதான், இரண்டாவது அந்த 84 வயதுப் பெரியவர்.

கோவைக்காரன்:
பாட்டி விஷயத்தை நான் யோசிக்கவில்லை ஐயா. ஒப்புக்கொள்கிறேன்.

மயிலைமகள்:
பதினைந்து நாள் கழித்து வருகிறேன். வாரிசுச் சான்றிதழ் மனுவில் பாட்டி பெயரைச் சேர்த்துவிட்டோம்.

ஸ்ரீரங்கம் போனோம். அப்பாவின் ஆபீஸ் நண்பரான அந்த மாமா, உயிலில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும், "உன் அப்பா எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, அதை மடியில் வைத்துப் போட்டான். உன் மாடி வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார், எனக்கு முன்னால் அவர்தான் போட்டார்" என்றார். நான் ஒன்றுமே கேட்கவில்லை. அப்பா என்ன சட்டை போட்டிருந்தார் என்பது வரைக்கும் சொன்னார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். மறுநாள் அங்கேயே ஒரு நோட்டரி முன்னால் பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

இப்போது அண்ணன்தான். "பார்க்கலாம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எதிர்த்தால் என்ன ஆகும்?

பழைய குமாஸ்தா:
அவர் கேவியட், அதாவது தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற மனு, போட்டு ஆட்சேபித்தால் உங்கள் ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன்) மனு வழக்காக மாறிவிடும். உயர் நீதிமன்றத்தில் அதை டி.ஓ.எஸ். (டெஸ்டமென்டரி ஒரிஜினல் சூட், உயில் வழக்கு) என்பார்கள். அப்புறம் சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை என்று வருடக் கணக்கு. சம்மதித்தால் ஒரு பிரமாண வாக்குமூலம் போதும். வெளிநாட்டில் இருப்பதால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தைச் சான்றொப்பம் செய்து அனுப்பலாம்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். உயிலின் மூன்று பக்கத்தையும் அவருக்கு அனுப்பினீர்களா, அல்லது சாராம்சத்தை மட்டும் போனில் சொன்னீர்களா?

மயிலைமகள்:
சாராம்சம் மட்டும்தான் ஐயா. பிளாட் எனக்கு, நிலம் உனக்கு என்று.

தாமரை:
அக்கா, இன்றைக்கே அனுப்புங்கள். கடல் தாண்டி இருப்பவருக்கு அப்பா கையெழுத்தைப் பார்க்காமல் அப்பா சொன்னதாக எப்படி நம்பத் தோன்றும்?

மயிலைமகள்:
இரண்டு மாதம் ஆகிவிட்டது, சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

அன்று இரவே மூன்று பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். இரண்டாம் பக்கத்தில் அப்பா ஒரு பத்தி எழுதியிருக்கிறார். அண்ணன் படிப்புக்காகப் போளூர் நிலத்தை அடமானம் வைத்தது, முதல் சம்பளத்திலிருந்து அவன் அதை மீட்டது, அதனால் அந்த நிலம் அவனுக்கே சேர வேண்டும் என்று. போனில் சொன்னபோது அதை நான் விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த கதை என்பதால் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. நிலத்தைக் கொடுத்து ஒதுக்கிவிட்டார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். மறுநாள் காலை கூப்பிட்டான், நெடுநேரம் பேசவே இல்லை, அழுதான். பத்து நாளில் தூதரகச் சான்றொப்பத்தோடு சம்மதப் பத்திரம் வந்துவிட்டது.

மனு அம்மாவின் தம்பியான என் மாமா பெயரில் தாக்கலாகி, கோர்ட்டில் எண்ணும் கொடுத்துவிட்டார்கள். அசல் உயில், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்து விவரமும் மதிப்பும் எழுதிய பிரமாண வாக்குமூலம், ஸ்ரீரங்கம் மாமாவின் வாக்குமூலம், அம்மாவும் அண்ணனும் நானும் கொடுத்த சம்மதங்கள் எல்லாம் போட்டோம். எண் கொடுப்பதற்கு முன் கோர்ட் அலுவலகத்தில் சரிபார்த்தபோது மனுவை இரண்டு தடவை திருப்பிவிட்டார்கள், அப்பா பெயரில் ஓர் இனிஷியல் வித்தியாசம். பிளாட் பத்திரத்தில் ஒன்று, ஆதாரில் ஒன்று. பாட்டிக்குச் சித்தப்பாவைப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்டிருக்கிறோம். நோட்டீஸ் போயிருக்கிறது, பத்திரிகை விளம்பரமும் வந்துவிட்டது. அடுத்த தேதிக்குக் காத்திருக்கிறோம்.

கோவைக்காரன்:
மிகவும் சந்தோஷம் சகோதரி. அந்த இனிஷியல் விஷயத்தைக் குறித்துக்கொண்டேன், என் அப்பா ஆவணங்களை இன்றைக்கே எடுத்துப் பார்க்கப் போகிறேன்.

முத்துநகர்:
புரோபேட் வந்துவிட்டால் பிளாட் யாருடையது என்பதும் முடிவாகிவிடும் அல்லவா?

பழைய குமாஸ்தா:
இல்லை தம்பி. உயில் உண்மையா, சட்டப்படி எழுதப்பட்டதா, எழுதியவர் தெளிவாக இருந்தாரா என்பதை மட்டும்தான் அந்தக் கோர்ட் பார்க்கும். சொத்து அவருக்குச் சொந்தமா என்பது தனி விவகாரம், தகராறு இருந்தால் வேறு வழக்கு. இங்கே பத்திரங்கள் சரியாக இருப்பதால் பிரச்சினை இல்லை.

மயிலைமகள் அம்மா, உங்கள் மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள். அசல் உயில் கோர்ட்டிலேயே இருந்துவிடும், உங்களுக்குக் கிடைப்பது கோர்ட் முத்திரையோடு உயிலின் நகல் இணைத்த உத்தரவு. சான்றிட்ட நகல்கள் கூடுதலாக வாங்கி வையுங்கள், பட்டாவுக்கு, சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கு, பங்குகளுக்கு என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்பார்கள். உத்தரவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருடத்துக்குள் கணக்கும் நிறைவேற்றுபவர் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும், அதே 1925-ஆம் வருடச் சட்டத்தின் 317-ஆம் பிரிவு. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மாமாவுக்கு என்ன வயது?

மயிலைமகள்:
எழுபத்தொன்பது ஐயா. ஆனால் தினமும் வாக்கிங் போகிறார். நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன், உடனே ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னார். முதல் பக்கத்தில் காரியச் செலவு, இரண்டாம் பக்கத்தில் வங்கி டெபாசிட் எண்கள் என்று இப்போதே எழுத ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரம் அண்ணன் லீவில் வருகிறான். அவனும் மாமாவும் நானும் போளூர் போய் நிலத்தைப் பார்த்துவிட்டு, பாட்டியோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறோம். கோர்ட் தேதி முடிந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன்.